தாலினில் எங்கடை ஆக்கள்

முதல் படம் காலை ஆறு பத்துக்கு வந்தது. கல் பாவிய ஒரு தெருவில் அட்சயா நடந்து போய்க்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் மட்டும்தான் தெரிந்தது. பச்சைக் குளிர்ச்சட்டை, ஒரு தோளில் பை, இரண்டு பக்கமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பழங்காலத்து வீடுகள், தெருமுடிவில் சிவப்புக் கூரை போட்ட உருண்டைக் கோபுரம். நல்ல படம்தான். ஆனால் அதை அனுப்பியது அட்சயா இல்லை.

பரிமளம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். படத்துக்குக் கீழே, "பிள்ளை நல்லா இருக்கிறா. யோசிக்காதேங்கோ" என்று எழுதியிருந்தது. நேற்று வட்ஸ்அப்பில் கிடைத்த அந்த அன்ரி! பரிமளத்துக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. கனடாவில், மார்க்கம் நகரில் இன்னும் விடியவில்லை. கணவர் இராஜரட்ணம் ஐந்தரைக்கே ஒஷாவாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். கீழே ஹீற்றர் உறுமி ஓய்வதும் மறுபடி உறுமுவதுமாக வீடு வெறிச்சென்று கிடந்தது. மகள் ஊர் சுற்றுவதற்கு இங்கே தாய் லீவு போட்டுவிட்டு, மேசையில் தேத்தண்ணீரும் போனுமாக இருந்தாள்.

அட்சயாவுக்கு இருபத்தைந்து வயது. மார்கழியில் வேலை தொடங்குவதற்கு முன் ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டவள். லண்டனில் சின்னம்மா, பாரிஸில் பெரியப்பாவின் மகன், ஒஸ்லோவில் பள்ளிக்கூடத் தோழி. எங்கே இறங்கினாலும் புட்டும் கறியும் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருந்தார்கள், பரிமளமும் நிம்மதியாக நித்திரை கொண்டாள். வில்லங்கம் வந்தது இந்தக் கடைசி ஊரில்தான். எஸ்தோனியாவாம், தாலினாம். ஒரேயொரு பகல், ஒரேயொரு இரவு, தனியே. அங்கே சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. எங்கடை ஆக்கள் இல்லாத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதையே பரிமளத்தால் நம்ப முடியவில்லை.

அதனால்தான் நேற்றுப் பின்னேரம், இருநூறு பேருக்கு மேல் இருக்கிற ஊர் வட்ஸ்அப் குறூப்பில் போட்டாள்: "என்ரை மகள் நாளைக்கு தாலினிலை தனிய நிக்கிறா. அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" ஐந்து நிமிடத்தில் ஒரு புது நம்பரிலிருந்து தனியாகப் பதில் வந்தது. "நான் இஞ்சைதான் இருக்கிறன் தங்கச்சி. என்னைத் தெரியுதுதானே?"

தெரியவில்லை. பெயரும் இல்லை, முகப்படத்தில் ஒரு குத்துவிளக்கு மட்டும் இருந்தது. ஆனால் கலியாண மண்டபத்தில் யாராவது கையைப் பிடித்து "என்னைத் தெரியுதோ" என்று கேட்டால், இல்லை என்று எந்தத் தமிழச்சி சொல்லியிருக்கிறாள்? "ஓம் ஓம்" என்று சிரித்துவிட்டு, சாப்பாடு முடியும்வரை அது யார் என்று மண்டையைப் போட்டு உடைப்பதுதான் வழக்கம். தெரியாது என்றால் குறை நினைப்பார்கள். பரிமளமும் அப்படியே எழுதினாள். "ஓம் அன்ரி, தெரியாமல் என்ன!" பிறகு மகளின் பெயர், நம்பர், படம், ஹொட்டேல் எல்லாவற்றையும் அனுப்பினாள். கடைசியாக, "பிள்ளையைத் தனிய விடாதேங்கோ" என்றும் எழுதினாள்.

அவளுடைய நிம்மதிக்கு ஆயுள் அரை மணித்தியாலம்தான். ஆறே முக்காலுக்கு அட்சயா அழைத்தாள். பின்னால் கரண்டிகளும் கோப்பைகளும் கிணுகிணுக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, நான் சாப்பிடுறன். சூப். சரியான குளிர் இஞ்சை."

"அன்ரி பக்கத்திலை இருக்கிறாவோ? அவவிட்டைக் குடு, நான் கதைக்கிறன்."

"எந்த அன்ரி?"

"நேற்றுச் சொன்னனெல்லோ, ஒரு ஆள் வந்து உன்னைப் பார்ப்பா எண்டு."

"ஒருத்தரும் வரேல்லை. தாங்க் கோட்! அம்மா, எனக்கு ஒரு நாள், ஜஸ்ட் வன் டே, தனிய இருக்க விருப்பம். ஓகே? ஆனால் இஞ்சை ஆக்கள் கொஞ்சம் வியேர்ட். நான் ஒரு சூப்தான் கேட்டன். அந்தப் பிள்ளை ரெண்டு கொண்டுவந்து மற்றதை எனக்கு முன்னாலை வெறுங்கதிரைக்கு வைக்கிறாள். நான் ஒராள்தான் எண்டு சொன்னால், அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு நிக்கிறாள்."

அட்சயா சிரித்தாள். பரிமளமும் சிரித்தாள், சிரிக்க வேண்டுமே என்று. அப்படியென்றால் அந்தப் படத்தை எடுத்தது யார் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால், கேட்காமல் நம்பர் கொடுத்த கதை வெளியே வரும், பிறகு பெரிய சண்டை. அன்ரி கூச்ச சுபாவமாக்கும், தூரத்தில் நின்று பார்க்கிறாவாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போனை வைத்த கையோடு அன்ரிக்கு எழுதினாள். "பிள்ளையோடை போய்க் கதையுங்கோ அன்ரி. ஒண்டும் சொல்லமாட்டா."

எழுத்தில் பதில் வரவில்லை. படம் வந்தது.

மேசை. இரண்டு கோப்பை சூப். ஒன்று பாதி குடித்தது, அதற்குப் பின்னால் அட்சயா, காதில் போனோடு, வாய் நிறையச் சிரிப்போடு. மற்றது நிறைய இருந்தது, அதன் ஆவி எழும்பிப் படத்தின் கீழ்ப்பாதியை மறைத்திருந்தது. எதிர்க் கதிரையில் இருந்துதான் அதை எடுத்திருக்க முடியும். அந்தச் சிரிப்பு, சற்று முன்னர் பரிமளத்தோடு சிரித்த சிரிப்பு.

பரிமளம் உடனே போனில் இராஜரட்ணத்துக்கு அடித்தாள். வேலைத்தல இரைச்சலுக்கு மேலாக அவர் கத்தினார்.

"நீர் சும்மா பதறாதையும். பக்கத்து மேசையிலை இருந்து சூம் பண்ணி எடுத்திருப்பினம். துணைக்கு ஆள் வேணுமெண்டு நீர்தானே பிடிச்சனீர், இப்ப அதுக்கும் பயமோ?"

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அவள் அதோடு விடவில்லை. ஸ்காபரோவில் இருக்கிற மச்சாள் கௌசிதான் அந்தக் குறூப்பை நடத்துகிறவள். அவளுக்கு நம்பரை அனுப்பி, இது யாருடையது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லச் சொன்னாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் பார்க்கிறேன் என்றாள் கௌசி.

ஏழரைக்கு அட்சயாவிடமிருந்து குரல்பதிவு வந்தது. ஏதோ தேவாலயக் கோபுரத்தில் ஏறுகிறாளாம், இருநூறுக்கு மேல் படியாம், ரிக்கெட் கொடுக்கிறவர் இரண்டு பேருக்குக் காசு எடுக்கப் பார்த்தாராம். "இண்டைக்கு எல்லாருக்கும் நான் டபுளாத் தெரியிறன் போல, அம்மா!" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு பதிவை நிறுத்த மறந்துபோனாள் போலும். கல் படிகளில் அவளுடைய கனத்த பூட்ஸ் மட்டும் கேட்டுக்கொண்டே போனது. டக். டக். டக்.

இல்லை. பூட்ஸ் மட்டும் இல்லை.

பரிமளம் போனைக் காதோடு அழுத்தினாள். ஒவ்வொரு டக்குக்கும் பிறகு இன்னொரு சத்தம் இருந்தது, மெல்லியதாக, சப்பென்று. அவளுக்கு அதை நன்றாகத் தெரியும். ரப்பர் செருப்பு. குளியலறைக்கும் கொல்லைக்கும் போடுகிற, குதியில் அடிக்கிற ரப்பர் செருப்பு. உறைந்து கிடக்கிற ஊரில், ஒடுங்கிய கோபுரப் படியில், டக், சப், டக், சப். ஓரிடத்தில் அட்சயா மூச்சு விட நின்றாள். செருப்பு மட்டும் இன்னும் ஒரு படி ஏறிவிட்டு நின்றது.

வெளியே விடிந்துவிட்டது. முன்வீட்டுக்காரர் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார், பாடசாலை பஸ் வந்து நின்று போனது. இவ்வளவு வெளிச்சத்தில் இப்படிப் பயப்படுவதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்ததே தவிரப் பயம் குறையவில்லை. அங்கே நேரம் ஏழு மணித்தியாலம் முன்னால். கார்த்திகை மாதத்தில் அந்த ஊரில் நாலு மணிக்கு முன்னமே இருட்டிவிடும் என்று அட்சயாதான் சொல்லியிருந்தாள். இப்போது அங்கே மூன்று ஆகப்போகிறது.

எட்டு மணிக்கு அவளால் பொறுக்க முடியவில்லை. அழைத்தாள்.

"எங்கை பிள்ளை நிக்கிறாய்?"

"ஒரு சின்ன ஒழுங்கை அம்மா. ரெண்டு பக்கமும் பெரிய மதில். பழைய காலத்துக் கல்லறைக் கல்லெல்லாம் சுவரிலை சாத்தி வைச்சிருக்கினம். அவ்வளவு வடிவு. ஒரு சனமும் இல்லை."

"பின்னாலை திரும்பிப் பார்."

"வாட்?"

"சொல்லுறதைக் கேள். திரும்பிப் பார்."

பூட்ஸ் கல்லில் உரசித் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒழுங்கைக்குள் காற்று ஊதுகிற சத்தம்.

"ஒருத்தரும் இல்லை அம்மா. முழுக்கத் தெரியுது. வெறும் ஒழுங்கை."

பரிமளத்தின் கையில் போன் அதிர்ந்தது. படம்.

அட்சயா திரும்பி நின்றாள். காதில் போன். குளிரில் சிவந்த மூக்கு. வாயிலிருந்து வெண்புகையாக மூச்சு. இரண்டு கண்களும் நேரே, படம் எடுக்கிற ஆளின் கண்களுக்குள் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு முழத் தூரம். அவ்வளவுதான். அவளுடைய மூச்சுப் புகை கமராக் கண்ணாடியில் பட்டு, மூலையில் ஈரம் கட்டியிருந்தது.

"அம்மா? ஏன் பேசாமல் இருக்கிறீங்கள்?"

"அதிலை நில்லாதை. சனம் இருக்கிற இடத்துக்குப் போ. நட. கெதியா நட."

"அம்மா, நீங்கள் என்னைப் பயப்பிடுத்துறீங்கள்."

மறைக்க இனி ஒன்றும் இல்லை. அந்தப் படத்தை மகளுக்கு அனுப்பினாள். பிறகு அட்சயாவின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக வந்தது.

"ஹூ டுக் திஸ்? அம்மா, என்ரை நம்பரை ஆருக்குக் குடுத்தீங்கள்?"

"எங்கடை ஊர் ஆள் எண்டு நினைச்சன் பிள்ளை. நீ தனிய நிக்கிறாய் எண்டுதான்."

"ஆர் அவ?"

"தெரியாது."

அந்தச் சொல்லை நேற்றே சொல்லியிருக்கலாம். பரிமளத்துக்குத் தன்னைத்தானே அறைய வேண்டும் போல இருந்தது. அட்சயா ஓடத் தொடங்கியிருந்தாள். "ஹொட்டேல் கிட்டத்தான், அஞ்சு நிமிஷம்தான். சார்ஜ் முடியப்போகுது, வைக்காதேங்கோ அம்மா, வைக்காதேங்கோ." கல் தெருவில் பூட்ஸ் தடதடத்தது. மூச்சு இரைத்தது. எங்கோ ஒரு மணி அடித்தது. அந்தச் சத்தங்களுக்கு நடுவில், அவசரமே இல்லாமல், சப். சப். சப். அட்சயா எவ்வளவு ஓடியும் அந்தச் செருப்பு பின்தங்கவில்லை, வேகமாகவும் ஆகவில்லை.

"கேக்குதோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டாள்.

"என்ன?"

"ஒண்டும் இல்லை. நீ ஓடு."

அழைப்பு அறுந்தது. திரும்ப அடித்தாள். அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும். கீழே ஹீற்றர் உறுமிற்று.

ஒன்பது மணிக்குக் கௌசி அழைத்தாள்.

"மச்சாள், அந்த நம்பர் எங்கடை குறூப்பிலை இல்லை. ஒவ்வொண்டாப் பார்த்திட்டன். நீங்கள் நேற்றுப் போட்டதுக்கு ஒருத்தரும் பதில் போடவும் இல்லை. தாலினிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை மச்சாள்."

"அப்ப இது ஆர்?"

"நான் அடிச்சும் பார்த்தன். எடுத்தினம். ஆனால் கதைக்கினமில்லை. ஆரோ செருப்போடை நடக்கிற சத்தம்தான் கேட்டுது. வைச்சிட்டன். ஏன், பிள்ளைக்கு என்னவும்..."

பரிமளம் வைத்துவிட்டாள். அன்ரியின் நம்பருக்கு அழித்து அழித்து எழுதினாள். "நீங்கள் ஆர்?"

பதில் உடனே வந்தது. "தெரியும் எண்டனீங்கள்."

"என்ரை பிள்ளையை விடுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

"தனிய விடாதேங்கோ எண்டும் நீங்கள்தான் சொன்னீங்கள் தங்கச்சி."

அவள் இராஜரட்ணத்தை அழைத்தாள், அவர் எடுக்கவில்லை. அவசர இலக்கத்துக்கு அடித்தாள். அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது வேறு நாடு, வெளிவிவகார அமைச்சோடு பேசுங்கள் என்று ஒரு நம்பர் தந்தாள். அந்த நம்பரில் இசை போட்டார்கள். பத்து நிமிடம் இசை. அதை வைத்துவிட்டு ஹொட்டேலுக்கு அடித்தாள். வரவேற்பில் ஓர் இளைஞன். மெதுவான, மரியாதையான ஆங்கிலம். ஓம், உங்கள் மகள் வந்துவிட்டா, ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிறது, அறைக்குப் போய்விட்டா என்றான்.

கடவுளே! பரிமளம் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. தன் ஆயுளில் இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை என்று நினைத்தாள்.

"இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள்," என்றான் அவன். "மகளும் மற்ற அம்மாவும். அந்த அம்மாவுக்கு நல்ல சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுங்கள். வெளியே பனி, அவரோ ரப்பர் செருப்போடு வந்தார்."

பரிமளம் கத்தினாள். மேலே போ, கதவை உடை, பொலிஸைக் கூப்பிடு, அந்த அம்மா எங்கள் ஆள் இல்லை. ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து ஓடின. அவன் கலங்கிப்போய்ப் போனை வைத்துவிட்டு மேலே போனான். பழைய கட்டடம். மரப்படிகள் முனகிக்கொண்டே போவது கேட்டது. நெடுநேரம். திரும்பி வந்தான்.

"தட்டினேன் அம்மா. நன்றாக இருக்கிறார்களாம். உங்கள் மகளே உள்ளேயிருந்து சொன்னா, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. சிரித்துக்கொண்டிருந்தார்கள்."

ஏழாயிரம் கிலோமீற்றருக்கு இப்பால் இருந்துகொண்டு ஒரு கதவை எப்படித் திறப்பது? பத்து மணி வெயில் சமையலறை முழுவதும் விழுந்திருந்தது. காலையில் ஊற்றிய தேத்தண்ணீரில் ஆடை படிந்திருந்தது. அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

போன் அடித்தது. அட்சயா. வீடியோ அழைப்பு.

எடுத்தாள்.

போன் எதிலோ சாத்தி வைக்கப்பட்டிருந்தது. சின்ன அறை, மஞ்சள் விளக்கு. அட்சயா கட்டில் விளிம்பில், பச்சைக் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல், நேராக இருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற பிள்ளை தலை இழுத்துப் பின்னக் கொடுத்துக்கொண்டிருப்பதுபோலக் கைகளை மடியில் வைத்திருந்தாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. அழுகையின் சத்தம் வரவில்லை.

"பிள்ளை! எழும்பு! எழும்பி வெளியிலை ஓடு!"

"ஏலாது அம்மா." உதடு மட்டும் அசைந்தது. "இழுக்குது."

அப்போதுதான் பரிமளம் பார்த்தாள். தோளோடு வெட்டிய மகளின் தலைமயிர், காதுக்குப் பின்னால் தானாகவே மூன்றாகப் பிரிந்தது. விரல் எதுவும் இல்லை. கட்டிலுக்குப் பின்னால் வெறும் சுவர். அந்த வெறுமையில் எங்கிருந்தோ நரைத்த மயிர் வந்தது. நீளமாக, எண்ணெய் வடிய, கற்றையாக. அது மகளின் கறுப்பு மயிருக்குள் நுழைந்தது. கறுப்புக்கு மேல் நரை. நரைக்கு மேல் கறுப்பு. ஒவ்வொரு புரிக்கும் ஓர் இழுவை. ஒவ்வொரு இழுவைக்கும் அட்சயாவின் தலை பின்னால் போனது. ஒரு விரற்கடை. இன்னும் ஒரு விரற்கடை.

"அன்ரி... அன்ரி, நான் வாறன். நான் வாறன், என்னை எடுங்கோ. அவளை விடுங்கோ."

பின்னுகிற கை நிற்கவில்லை. நெருக்கமாக, ஒழுங்காக, ஆறுதலாகப் பின்னியது. பரிமளம் திரையைப் பிடித்து இழுத்தாள், தட்டினாள், நகத்தால் கீறினாள். அட்சயாவின் கண்கள் தாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒருமுறைகூட இமைக்கவில்லை.

நுனி வந்தது. இறுக்கி ஒரு முடிச்சு விழுந்தது.

அட்சயாவின் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்து, இன்னொரு தலையில் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் அவளுடைய கன்னம் அமுங்கியது. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு தலைகளும், தெரிகிற ஒன்றும் தெரியாத ஒன்றும், சேர்ந்தாற்போல் திரும்பிப் பரிமளத்தைப் பார்த்தன.